சொதிக்கு எந்த ஒயின்?

கிருபா,

நீ கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் படிக்காமல் அடுப்படிக்கு ஓடிவிடுவாய் என்று பெற்றவளுக்குத் தெரியும், அதனால் நிதானமாக வாசி. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விடுகிறாயா? 'சரிம்மா, சரிம்மா, விஷயத்துக்கு வா' என்கிறாய். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? விஷயத்துக்கு எப்படி வந்தேன் என்பதும் விஷயம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திராட்சை அறுவடை முடிந்து உங்கள் தோட்டத்தில் நடக்கப்போகிற விருந்தில், உன் முதலாளியம்மாவின் நான்கு ஒயின்களுக்கும் நம் ஊர்ச் சாப்பாட்டை நீ ஜோடி சேர்த்துக் காட்ட வேண்டும். சேர்ந்தால் வேலை நிரந்தரம், நீ இத்தாலியிலேயே இருந்துவிடுவாய். சேராவிட்டால் விசா முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்துவிடுவாய். ஒத்திகையில் ஒரு தடவை தோற்றாயிற்று. நீ அழுதுகொண்டே போன் செய்தபோது, 'கவலப்படாதட்டி, நான் இருக்கேம்லா' என்று சொன்னேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு, நல்லதாகப் போச்சு, பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று குதித்தது. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. நீ திரும்பி வந்தால் தேவலை என்று நினைக்கிற ஒருத்தியிடம்தான் நீ உதவி கேட்டிருக்கிறாய். அதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

ஆடித் தபசுக் கூட்டத்தில் ஊரே நெரிந்துகொண்டிருந்த வாரத்தில் நீ வந்தாய். குளிர்கோட்டின் கைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த நான்கு அரைப் பாட்டில்களை எடுத்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். அப்பா முகம் போன போக்கை நீயும் பார்த்தாய். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் இருந்தவரைக்கும் பிறர் வாங்கித் தந்த டீயைக்கூட யோசித்துக் குடித்த மனுஷன், இப்போது சர்ச்சில் சபைக் கமிட்டியில் வேறு இருக்கிறார். 'இது என்ன வீடா, ஒயின்ஷாப்பா?' என்றார். நீ சும்மா இருந்தாயா? 'கோயில்ல ராப்போஜனத்துல குடிக்கீங்கள்லா, அதுக்கு அண்ணன் தம்பிதான்ப்பா இது' என்றாய். 'அது வேற, இது வேற' என்று குடையை எடுத்துக்கொண்டு போனவர், நீ கிளம்பிப் போன பிறகும் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் மாவுச் சட்டிப் பக்கம் எந்தக் காலத்தில் போனார்!

அன்றைக்கு நீ அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அர்னெய்ஸ் என்ற வெள்ளை ஒயினுக்குக் கன்றுக்கறியை வேகவைத்து ஆறவைத்து மெல்லிசாக அரிந்து, மேலே மீன் அரைத்த சாந்தை ஊற்றுவார்கள் என்றாய். கறிக்கு மேலே மீனா என்று நான் முகம் சுளித்தேன். பார்பேராவுக்குக் கறி பொதிந்த சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்கள். நெபியோலோவுக்கு அந்த ஒயினையே ஊற்றி அடுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கிற மாட்டுக்கறி. மொஸ்காத்தோவுக்கு ஒரு கொட்டையை அரைத்துச் செய்த கேக். கடைசியில், 'ஒவ்வொண்ணாத்தாம்மா வரும். ஒரு தட்டு, அதுக்கு ஒரு கிளாஸ். அது முடிஞ்சாத்தான் அடுத்தது' என்றாய். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிசயமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இலையில் வைத்துவிட்டு, எதை எதோடு தொட்டுக்கொள்வது என்பதைச் சாப்பிடுகிறவன் கையில் விடுகிற ஜனம் நாம். அங்கே அதைச் சமைக்கிறவரே முடிவு செய்துவிடுகிறாராமே. யார் சொல்வது சரி என்று பாத்திரம் கழுவும்போதுகூட யோசித்தேன். ஏன் இந்த ஒயினுக்கு இந்தப் பண்டம் என்று உன்னிடம் கேட்டேன். 'அப்படித்தாம்மா, பரம்பரையா' என்று சொல்லிவிட்டாய். என் வகுப்பில் எவளாவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

நீ அங்கே திரும்பிப் போய்த் தோற்ற கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன், உனக்கு வலித்தாலும் பரவாயில்லை. மிளகாயும் மிளகும் போட்டுச் சுருள வதக்கிய ஆட்டுக்கறிச் சுக்காவை ஒரு வெள்ளைத் தட்டின் நடுவில் குவித்து, பக்கத்தில் நெபியோலோவை ஊற்றி வைத்தாய். கனமான ஒயினுக்குக் கனமான கறி என்று கணக்குப் போட்டாய். முதலாளியம்மா ஒரு வாய் தின்று, ஒரு வாய் குடித்து, கண்ணில் தண்ணீர் கொட்ட எழுந்துபோய்ப் பால் குடித்தார். வந்து, 'உன் மிளகாய் என் ஒயினைக் கொன்றுவிட்டது' என்றார். கோபப்படாமல் சொன்னார் என்றாய். அதோடு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார் பார், அந்த மனுஷி நல்லவள். நான்தான் கெட்டவளாக, அந்தச் செய்தியைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு போனில் நீ, 'யம்மா, அந்த நாலையும் ஒருவாட்டி நீயே குடிச்சுப் பாரேன். ஒன் நாக்கு எனக்குத் தெரியும்' என்றாய். ராத்திரி அப்பா ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த நான்கு பாட்டிலைத்தான் நினைத்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். திரும்பி வா என்கிற ஆசை ஒருபக்கம் இருந்தாலும், அது என்னவாகத்தான் இருக்கும் என்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா கமிட்டிக் கூட்டத்துக்குப் போன ஒரு காலையில் வெள்ளை ஒயினைத் திறந்தேன். சொல்லி வைத்ததுபோலக் கறிவேப்பிலை கேட்டு எதிர்வீட்டுக் கோமதி அக்கா வந்து நின்றாள். அவளைத் தெரியுமே உனக்கு, தறி வீட்டுக்காரி. விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள், காதோடு ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். 'டீச்சர், இது என்னது, கசாயமா?' என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறு வழி? பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். 'எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்த நாத்தம் எனக்குத் தெரியும் டீச்சர். ஒங்க மக படிச்சிட்டுப் போயி செய்யுதது எப்படி இருக்குன்னு பாக்கணும். ஊத்துங்க' என்றாள். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். இரண்டு பேரும் என்ன செய்தோம் தெரியுமா? தலையை நிமிர்த்தி, டம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல் மடமடவென்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டோம். ஒன்றுமே தெரியவில்லை. புளித்த தண்ணீர் தொண்டையில் இறங்கியது, அவ்வளவுதான். 'இதுக்கா ஒங்க மக சீமைக்குப் போனா?' என்று கேட்டாள் அக்கா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ அனுப்பிய வீடியோவை எடுத்துப் பார்த்தேன். கிளாஸைச் சுற்றுகிறாய், மூக்கை உள்ளே நுழைக்கிறாய், பிறகுதான் உதட்டில் வைக்கிறாய். அண்ணாந்து குடித்தால் மூக்குக்கு அங்கே என்ன வேலை? வாசனை முழுக்க டம்ளரோடு போய்விடுகிறது. எச்சில் படக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கண்டிப்பாக வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள், இதை அண்ணாந்து குடிக்கக் கூடாது என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்? ஷோகேஸில் கல்யாணப் பரிசாக வந்து, அட்டைப்பெட்டியை விட்டே வெளியே வராத கண்ணாடிக் கிளாஸ்களை எடுத்துக் கழுவினேன். 'ஆளுக்கு ஒண்ணுக்கா. வாய் வச்சே குடிக்கலாம், மூக்க உள்ள விடணும்' என்றேன். 'ச்சீ, மாடு கழனித்தொட்டியில வாய வச்ச மாதிரி' என்று சிரித்துக்கொண்டே மூக்கை விட்டாள்.  'டீச்சர்! பேரிக்கா வாசம் அடிக்கி!' என்று போட்டாள் ஒரு சத்தம். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். ஒருத்தர் ஆசையாகச் செய்ததைத் துப்ப எங்களுக்கு மனசு வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினோம். நான் திராணியாகத்தான் இருந்தேன். கோமதி அக்காதான் கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. அன்று மத்தியானமே சொதி வைத்தேன். இரண்டாம் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வெந்து, கடைசியில் கெட்டிப் பால் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து இறக்குகிற நம் சொதி. பச்சை மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்தேன். சொதிச் சோறு ஒரு வாய், அர்னெய்ஸ் ஒரு வாய். கிருபா, அந்த ஒயின் தேங்காய்ப்பாலின் திகட்டலை அப்படியே துடைத்து எடுத்துவிட்டு, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக வைக்கிறது. சொதியோடு நாம் எதற்கு இஞ்சித் துவையல் வைக்கிறோமோ, அதே வேலையை அது செய்கிறது. பரம்பரை என்று சொல்லிவிட்டுப் போனாயே, காரணம் இதுதானடி. திகட்டுவதை அறுக்க ஒரு புளிப்பு வேண்டும். அங்கே அது கிளாஸில் இருக்கிறது, இங்கே இலையில் இருக்கிறது.

இந்தக் காரணம் பிடிபட்டதும் பார்பேரா சுலபமாக வந்தது. நல்ல புளிப்புள்ள சிவப்பு அது. புளி ஊற்றின நம் கூட்டாஞ்சோற்றோடு வைத்தால் இரண்டு புளிப்பும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. ஒயினில் உள்ள பழ ருசிதான் மேலே வருகிறது. முருங்கைக்காயை மட்டும் விட்டுவிடு, வெள்ளைக்காரர்கள் கிளாஸைப் பிடிப்பார்களா, சக்கையைத் துப்புவார்களா? மொஸ்காத்தோவில்தான் நான் சறுக்கினேன். இனிப்பு ஒயின்தானே என்று கருப்பட்டி மிட்டாயைக் கடித்துக் குடித்தால், ஒயின் பச்சைத் தண்ணீராகிவிட்டது. கருப்பட்டி அதைத் தின்றுவிட்டது. எரிச்சலோடு மிச்சத்தை ஊற்றிவிடலாம் என்று எழுந்தேன். கோமதி அக்கா அதற்குள் டப்பாவிலிருந்து காரச்சேவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, காரம் தாங்காமல் அந்தக் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டாள். 'எம்மா, நல்லாருக்கு டீச்சர்!' என்றாள். உண்மைதான். அந்த நுரையும் இனிப்பும் மிளகாயை அணைத்துவிடுகின்றன, அதில் சாராயமும் கொஞ்சம்தான். சாப்பாட்டுக்குக் கடைசியில் வைக்க வேண்டியது என்று அங்கே வைத்திருக்கிறார்களே, நீ அதை முதலில் வை. வந்ததும் ஒரு கிண்ணம் காரச்சேவு, ஒரு கிளாஸ் மொஸ்காத்தோ. காரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் அப்போது பயம் போய்விடும்.

ஆனால் உன்னைத் தோற்கடித்த நெபியோலோ என்னையும் விடவில்லை. மூக்கை வைத்தால் பன்னீர் ரோஜா, அதற்குப் பின்னாலேயே புதுசாகப் போட்ட தார் ரோட்டு வாசம். இரண்டும் எப்படி ஒரே கிளாஸில் இருக்கும் என்று நானே திரும்பத் திரும்ப மோந்து பார்த்தேன். வாயில் வைத்தால் துவர்ப்பு. பச்சை வாழைப்பூவை மென்ற மாதிரி நாக்கும் ஈறும் இழுத்துக்கொண்டன. கறிக்குழம்போடு குடித்தேன், எரிந்தது. கருவாட்டோடு குடித்தேன், ஆணியை நக்கின ருசி வந்தது. பாட்டிலில் மிச்சம் குறையக் குறைய எனக்கு ஒரு நிம்மதி. மூன்று சேர்ந்தும் நான்காவது சேராவிட்டால் உனக்குப் போதாது, அந்த அம்மாவின் பேர்சொல்லும் ஒயினே அதுதான் என்று நீ சொல்லியிருந்தாய். முயற்சி பண்ணினேன், முடியவில்லை, வா மகளே என்று எழுதிவிடலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதியும் வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று போன சனிக்கிழமை உளுந்தஞ்சோறு பொங்கினேன். தோலோடு கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், மேலே தாராளமாக நல்லெண்ணெய். அவர் கோயில் வேலையாகப் போயிருந்தார். கோமதி அக்காவும் நானும் உட்கார்ந்தோம். கடைசியாக ஒரு மடக்கு நெபியோலோ மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினேன். உளுந்தஞ்சோற்றைத் துவையலில் பிரட்டி வாயில் போட்டு, மென்று, மேலே ஒரு சொட்டு குடித்தேன். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. ரோஜா மட்டும் நின்றது. எள்ளும் எண்ணெயும் உளுந்தும் சேர்ந்து அந்தத் துவர்ப்பைப் பிடித்து உட்காரவைத்துவிட்டன. மறுபடி செய்து பார்த்தேன், மறுபடியும் அதே. நீ செய்த தப்பும் அப்போது புரிந்தது. சுக்காவைத் தனியாகக் குவித்து நம் ஊரில் யாரடி தின்றிருக்கிறார்கள்? அதற்கு அடியில் எப்போதும் சோறு இருக்கும். அவர்களைப்போல ஒவ்வொன்றாகப் பரிமாற வேண்டும் என்று நினைத்து, நம் சாப்பாட்டைப் பிய்த்துவிட்டாய். உளுந்தஞ்சோற்றைப் படுக்கையாக வை. துவையலைப் பக்கத்தில் வை. சுக்காவில் மிளகாயை எடுத்துவிட்டு, நல்லெண்ணெயில் மிளகு மட்டும் கொஞ்சமாகப் போட்டு வதக்கி, இரண்டே துண்டு மேலே வை. மூன்றும் ஒரே வாயில் போகட்டும்.

'டீச்சர், புடிச்சிட்டோம்!' என்று கோமதி அக்கா போட்ட கூச்சலில் தெருவில் வந்துகொண்டிருந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார். மேசையில் கிளாஸ், தட்டு, நாங்கள் இரண்டு பேர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா நைசாக நழுவிவிட்டாள். 'என்னத்தப் புடிச்சிய?' என்றார். 'ஒங்க மக கேட்டதுக்கு விடை' என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த மேசையில் உட்கார்ந்தார். ஒயினைத் தொடவில்லை. உளுந்தஞ்சோற்றைப் போடச் சொல்லிச் சாப்பிட்டார். பாதியில் கேட்டார்:

'இத எழுதிப்போட்டா அவ செயிச்சிருவாளா?'

'செயிச்சிருவா.'

'அப்ப அங்கனயே இருந்துருவா.'

'ஆமா.'

'எழுதாம விட்டா?'

 அத்தனை நாளும் நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து நின்றார். 'எழுது. பிள்ள நம்மள நம்பிக் கேட்டுருக்கு' என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். 'ஆனா இன்னைக்கு எழுதாத. நாளைக்கு எழுது.' அவர் கேட்டது ஒரு நாள். நான் அதற்கு மேலும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குப் புத்தி சொல்லியே பழகிவிட்டேன், உனக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன் முதலாளியம்மா புகழ்ந்தால் உடனே அம்மா சொல்லித்தந்தது என்று பல்லை இளித்துக்கொண்டு சொல்லாதே. அடுப்படியில் நின்று வெந்து சமைக்கப்போகிறவள் நீ, பேரும் உனக்குத்தான். அங்கே யாராவது நம் சாப்பாட்டைக் கையால் சாப்பிடக் கூசினால் வற்புறுத்தாதே. மூக்கைக் கிளாஸுக்குள் விட எங்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது, அவர்களுக்கும் கொஞ்ச நேரம் கொடு. அந்த ஊரில் கட்டிக்கொள்ள ஒருவனைப் பார்த்திருக்கிறாயா என்று நான் கேட்கமாட்டேன், பார்த்திருந்தால் எங்களுக்கு முதலில் சொல். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கோயிலுக்குப் போ, பாஷை புரியாவிட்டாலும் உட்கார்ந்துவிட்டு வா. ஒத்திகையில் தோற்றதற்காக இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காதே. நீ தோற்றதால்தான் இந்த வயதில் நான் ஒரு புது விஷயம் படித்தேன், எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உளுந்தஞ்சோற்றை ஆறவிடாதே. ஆறினால் இறுகிவிடும், அப்புறம் எந்த ஒயினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு அடுப்பிலிருந்து இறக்கு. எள்ளை நீயே வறு, வேறு யாரையும் நம்பாதே, ஒரு நொடி கூடினால் கசந்துவிடும். செயிச்சிரு மக்கா. நீ போன நாளிலிருந்து இன்றுவரைக்கும் நான் மூன்று பேருக்குத்தான் அரிசி களைகிறேன், அப்பாவும் ஏன் என்று கேட்டதில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, இன்றைக்கு இரண்டு பேருக்குக் களையப்போகிறேன்.

அம்மா